‘சரிங்க’ என்றால் ‘ஆம்’ என்று பொருளா?

அந்த அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘சரிங்க’தான். ஐந்தாவது மாடி என்றாலும் சரிங்க; ஏன் இவ்வளவு நேரம் என்று அதட்டினாலும் சரிங்க; உன் லிஃப்டை விடப் படியில் ஆமை வேகமாக ஏறும் என்று கேலி செய்தாலும் அதே சரிங்க. வீட்டுக்குள் வந்ததும் ‘ங்க’ உதிர்ந்து ‘சரி’ மட்டும் மிஞ்சும். அவருடைய மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவள். ஒருமுறை டி.வி.யைச் சரிபார்க்க வந்தவன், “ஃபேனும் சத்தம் போடுது, சேர்த்தே எடுத்துட்டுப் போறேன்” என்றான். இவரும் சரிங்க என்று, அவன் ஏறிக் கழற்ற நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஃபேன் திரும்பி வரவே இல்லை.

ஐந்தாம் மாடியில் பழைய கோப்புகள் வைத்திருந்த அறை எரிந்தது. யாருக்கும் காயமில்லை. லிஃப்டில் பொத்தான் வைக்கப்போகிறோம், இனி நீ வேண்டாம் என்று மேலாளர் அவரிடம் சொல்லிச் சில நாள்களே ஆகியிருந்தன. அந்த ஒரு காரணத்துக்காகப் போலீஸ் அவரை அழைத்துப் போனது. அவர் திரும்பவில்லை, மாஜிஸ்திரேட் முன்னால் அவர் கொடுத்த வாக்குமூலத்தின் நகல்தான் வீட்டுக்கு வந்தது. ஆத்திரத்தில் தீ வைத்தேன் என்று அதில் இருந்தது. கடைசிக் கேள்வி: ‘இதை எவருடைய வற்புறுத்தலுமின்றி மனமுவந்து சொல்கிறீரா?’ பதில்: ‘ஆம்.’ கீழே அவருடைய கோணல் கையெழுத்து.

“அக்கா, போன வருஷ வெள்ளத்துக்கும் நீதான் காரணமான்னு கேட்டிருந்தா மாமா அதுக்கும் கையெழுத்துப் போட்டிருப்பாரு,” என்றான் மனைவியின் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

அவள் அழவில்லை. நடைபாதைக் கடையில் பழைய சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். வந்த தாள்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தாள். வேலையில் போர்வைகளை முனையோடு முனை சேர்த்து மடித்தாள். ‘மனமுவந்து’ என்ற சொல்லை வாயால் சொல்லி யாரும் அவள் கேட்டதில்லை.

வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா சுற்றி வளைக்காமல் பேசுபவர். “அந்தத் தாளைத் தவிர அவங்க கையில ஒண்ணுமே இல்லம்மா. தானாச் சொன்னதுதான்னு ஜட்ஜ் எடுத்துக்கிட்டா உங்க வீட்டுக்காரர் உள்ளதான். இல்லைன்னா வீட்டுக்கு வந்துடுவார். அடிச்சாங்களான்னு கேட்டேன். அடிக்கலையாம். அதனால நீங்க வந்து அவர் எப்படிப்பட்டவர்னு சொல்லணும்.”

நீதிமன்ற அறையில் மின்விசிறி சுற்றியது. முதலில், மாஜிஸ்திரேட் முன்னால் அந்த வாக்குமூலத்தை எழுதிய குமாஸ்தா கூண்டில் ஏறினார்.

“அவர் ‘ஆம்’னு சொன்னாரா?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“சொன்னாருங்க.”

“அந்த வார்த்தையையே சொன்னாரா?”

குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். “சரிங்கன்னாரு. சரிங்கன்னா ஆம்தானே மேடம்? எழுத்துல அப்படித்தான் எழுதுவோம்.”

அடுத்து அவள். ஃபேன் போன கதையைச் சொன்னாள். ஒரு கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவரிடம் யாரோ நாற்காலி எடுத்துப் போடச் சொல்ல, பந்தி முடியும்வரை நாற்காலி சுமந்துவிட்டுச் சாப்பிடாமலே திரும்பி வந்ததைச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கணவர் எதிர்க் கூண்டுக்குள் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். குரல் தன்மையாகவே இருந்தது.

“உங்களைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டப்ப அவர் என்னம்மா சொன்னார்?”

கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்தார். பதில் வரட்டும் என்றார் நீதிபதி.

“சரிங்கன்னார்.”

“மனசாரத்தானே சொன்னார்?”

ஆமாம் என்றால் அவர் வாயிலிருந்து வரும் சரிங்க மனதிலிருந்தும் வரும் என்றாகிவிடும், தாள் நிற்கும். இல்லை என்றால் அவர் வீட்டுக்கு வருவார். எந்த வீட்டுக்கு, யாரிடம் என்பதை அப்போது அவள் நினைக்கவில்லை. எதையுமே நினைக்க முடியவில்லை.

“கேட்டது எங்கப்பா. அவர் கேட்டா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“தெரியலைங்க. அவருக்கு இஷ்டமான்னு அன்னைக்கு யாரும் கேட்கலை. அப்புறம் நானும் கேட்டதில்லை.”

கணவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பழையபடி தரையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்ன சொல்லை விட்டுவிட்டு அதன் பொருள் என்று குமாஸ்தா கருதியதை எழுதியிருக்கிறார்கள், வாக்குமூலம் தன்னிச்சையாகத் தரப்பட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை, எனவே ஏற்கப்படவில்லை. நகலை வாங்கி, நீதிமன்ற வாசலில் நின்றே முழுவதும் படித்தாள். நடுவில் ஓரிடத்தில் அவளும் இருந்தாள்: ‘தம் கணவர் தம்மை மனமுவந்து மணந்தாரா என்பதைத் தாம் அறியார் என இவருடைய மனைவி சாட்சியமளித்துள்ளார்.’ நான் இப்படிச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். தெரியலைங்க என்றுதானே சொன்னேன். தாளை மடித்து உறையின் கடைசியில் செருகினாள்.

சாயங்காலம் அவரை விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். “ரெண்டும் கடைசி ஸ்டாப்பா?” என்றார் கண்டக்டர். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். “ஆமாங்க, ரெண்டு,” என்றாள்.

வீட்டில் எதுவும் இடம் மாறியிருக்கவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, எப்போதும் உட்காரும் சுவரோரத்தில் உட்கார்ந்தார். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“சாப்பாடு போடவா?”

அவர் உதடு அசைந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். பசியோடு ஆட்டினாரா, கேட்டதற்காக ஆட்டினாரா என்று தெரியவில்லை. அவள் திரும்பக் கேட்கவில்லை. தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனாள்.