காசீம் ஓடாவியாரின் வெண்காரம்

தலைமன்னாருக்கு ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கிய வருஷம். பேசாலை ஸ்டேசனில் மகளை ஏற்றிவிட்டு நின்ற என்னிடம், சிலாவத்துறைக் கருவாட்டு வியாபாரி வந்து, “உங்கட காசீம் ஓடாவியார் மௌத்தாயிட்டார். நேற்று அடக்கம்” என்றார். மண் போடக்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அந்தத் தச்சரைக் ‘கரம்மாவு ஓடாவி’ என்று கூப்பிட்ட ஊராருக்காகத்தான் இது.

தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோன புயலில் எங்கள் கரைச் சிற்றாலயத்தின் கூரையும் போனது. விழுந்த தென்னைகளை அறுத்துக் கூரைக்குச் சலாகை போடலாம் என்றோம். தென்னை கெதியில் உளுத்துவிடும். காசீம் நானா கொழும்பில் பலகை அறுக்கும் மடுவத்தில் வேலை பார்த்தவர். வெண்காரத்தையும் போரிக் பவுடரையும் கொதிநீரில் கரைத்து, ஈரம் காயாத மரத்தை ஊறவைத்தால் வண்டு, கறையான், பூஞ்சணம் ஒன்றும் அண்டாது என்று பங்குச் சுவாமிக்கு விளங்கப்படுத்தினார். கரம் விளையாடும் பலகையில் தூவுகிற அதே பவுடர். கரம் மாவில் கோயில் கட்டப்போகிறார் என்று ஊர் சிரித்தது.

ஊறிய மரத்தை அடுக்கி, படங்குத் துணியால் மூடி, நாற்பது நாள் தொடவேண்டாம் என்றார். மருந்து உள்ளே போக அத்தனை நாள் வேண்டுமாம்.

“மரத்துக்கும் தவசுகாலமோ நானா?” என்று கேட்டேன்.

“எங்கட நோன்பு முப்பது. மரம் உங்கட கோயிலுக்குத்தானே போகுது, நாற்பதே இருக்கட்டும்” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

எங்கள் நாலு பேரைக் காவல் வைத்துவிட்டுத் தன் ஊருக்குப் போனார். எங்கள் கரையில் வீட்டு மரத்தைக் கடற்சேற்றில் மாதக்கணக்காகத் தாழ்த்தி வைத்துத்தான் எடுப்போம். கடல் காணாத மரத்தை நாங்கள் மரமாக எண்ணுவதில்லை. அவர் மருந்தோடு எங்கள் உப்பும் ஏறினால் நல்லதுதானே என்று நினைத்தோம். மூன்றாம் நாள் கல்லைக் கட்டித் தாழ்த்தினோம். மூன்று கிழமையில் எடுத்து, இருந்தபடியே அடுக்கி மூடினோம். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை.

அவர் திரும்பி வந்து கூரை போட்டார். இரண்டாம் வருஷம் பீடத் துணியில் வண்டு அரித்த மாவு உதிர்ந்தது. சுவாமி ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டார். ஏணியை நான்தான் பிடித்தேன். மேலே சலாகையின் உள்மரத்தைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். இறங்கி வந்து என் காதருகே சொன்னார்:

“சூசை, மரம் கடல் குளிச்சிருக்கு.”

“ஓம் நானா. நாங்கள்தான்.”

“அது தண்ணியில கரையிற மருந்து. ஊறப்போட்டால் வந்த வழியே போயிடும். காத்துப் படாமல் மூடச் சொன்னனான், தண்ணி காட்டாதேங்கோ எண்டு சொல்லேல்ல. நான் சொல்லியிருக்க வேணும்.”

வாசலில் ஊரே நின்றது. சுவாமி கேட்டதும், “என்ட பிழை, சுவாமி” என்றார். எங்கள் பேரை எடுக்கவில்லை. பூசையில் என் பேரைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் நானும் ஏணியைப் பிடித்தபடி வாய் திறக்காமல் நின்றேன். கரம்மாவு என்ற பேர் அன்று அவரோடு ஒட்டியது. அதற்குப் பிறகு இந்தத் தீவில் ஒருவரும் ஒரு கதவு செய்யக்கூட அவரைக் கூப்பிடவில்லை.

அதே மருந்தில் ஊறிய மிச்சச் சலாகைகளை, கடல் காணுமுன்பே கொண்டுபோய், தன் வீட்டுக்குப் போட்டிருந்தார். மகளின் நிக்காஹுக்கு என்னையும் அழைத்தார். பந்தியில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு துளை இல்லை.

“சாப்பிடுங்கோ சூசை, கூரை விழாது” என்றார்.

பிறகு யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது அவர்களும் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. புத்தளத்தில் இருபது வருஷம் கிடந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை, கூரையும் இல்லை. அவர் சொன்னது சரி என்று காட்ட இப்போது என் வாய் மட்டும்தான் மிச்சம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது “நான் சொல்லியிருக்க வேணும்” என்ற அந்தச் சொல். அது அவர் சொல்லவேண்டிய சொல் அல்ல, என்னுடையது. மருந்தில் பிழை இல்லை. மரத்தைக் கடலில் போட்டது நாங்கள். அந்த நாலு பேரில் அந்தோனி கடலில் போனான். பிலிப்பு மண்டபம் அகதி முகாமில் கண்ணை மூடினான். மரியாம்பிள்ளையைப் போன தவசுகாலத்தில் அடக்கினோம். உயிரோடு இருக்கிறவன் பேசாலைச் சவிரியான் மகன் சூசைப்பிள்ளை.