தன் அறிக்கையைத் தானே திருத்திய டாக்டர் ஜமீலா

செவ்வாய்க்கிழமை காலை, அம்பத்தூரில் எங்கள் ஆய்வகத்தில், மெழுகில் பதித்த ஒரு சதைத் துண்டை இயந்திரத்தில் சீவிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஜமீலாவின் தம்பி இக்பால் கைப்பேசியில் கூப்பிட்டார். "ராணிக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க. தொழுதுட்டு உக்காந்தாங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க" என்றார். "வரேன் தம்பி" என்றேன். ஆனாலும் கையிலிருந்ததைச் சீவி முடித்து, ஸ்லைடில் ஏற்றி, எண் எழுதிவிட்டுத்தான் பூந்தமல்லிக்குப் புறப்பட்டேன். ஒரு நோயாளியின் துண்டைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் மேடம் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

அவர் வீட்டு வாசலில் நின்ற ஒரு பெரியவர், "அவங்க எந்த ஆஸ்பத்திரில வைத்தியம் பாத்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். தெருக்காரருக்கே தெரியவில்லை. நம் மேடம் நாடி பிடித்து மருந்து எழுதுகிற மருத்துவர் அல்ல. அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதித் தருகிறவர். பத்தொன்பது வருடம் நான் சீவிக் கொடுத்தேன், அவர் பார்த்தார். அவருடைய நோயாளிகளில் பெரும்பாலானோர் அவர் முகத்தைக் கண்டதே இல்லை.

அவருடைய கோபத்தை, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு முறை ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து பித்தப்பையை ஊறுகாய் பாட்டிலில், அழுகாமல் காக்கும் ஃபார்மலின் இல்லாமல் வெறும் உப்புநீரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். துண்டு அழுகத் தொடங்கியிருந்தது. மேடம் அந்த அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். "சார், ஊறுகாய் பாட்டில்ல அனுப்புங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஃபார்மலின் ஊத்தி அனுப்புங்க. இது ஒரு மனுஷனோடது சார்." அதன்பின் அங்கிருந்து ஒரு துண்டுகூட உப்புநீரில் வந்ததில்லை.

ஆனால் நான் இன்று பெருமையோடு சொல்ல வந்தது தேவியைப் பற்றி.

தேவிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வலது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கிப்போய், மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போவாள். இரண்டு முறை அப்படி ஆனபின் அறுவை சிகிச்சை செய்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்திலிருந்து ஒரு சிறு துண்டை எங்களுக்கு அனுப்பினார்கள். கூட வந்த தாளில் 'டிபி?' என்று மட்டும் எழுதியிருந்தது. டிபிக்கான அடையாளம் எதுவும் இல்லை. சாதாரண அழற்சி என்று எழுதி மேடம் கையெழுத்திட்டார். ஆனாலும் அவளுக்கு ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் நுரையீரல் சுருங்கியது. வேறு மருத்துவரிடம் காட்ட ஸ்லைடுகளைக் கேட்டு, கணவனோடு அவள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாள்.

ஸ்லைடு கேட்டு யார் வந்தாலும் மேடம் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசுவார். அன்றும் வந்தார்.

"இப்ப எப்டிம்மா கீது?"

"மறுபடி டிபி மாத்திர ஆரம்பிக்கணுமாம் மேடம். கம்பெனில வேற, மாசாமாசம் ரெண்டு நாள் லீவு போட்டா நடிக்கிறேன்றாங்க."

"மாசாமாசமா?"

தேவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல நகர்ந்துகொண்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "பீரியட்ஸ் நேரத்துலதான் மேடம். மொத நாளு வலது தோள்பட்ட வலிக்கும். மறுநாளே மூச்சு வாங்கும்."

"இத்த டாக்டருங்ககிட்ட சொன்னியா?"

"யாரும் கேக்கலியே மேடம்."

மேடம் அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். பழைய ஸ்லைடை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். ஒவ்வொரு மூலையாக நகர்த்திப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பழுப்பு நிறத்தப் பாரு ராணி. பழைய ரத்தக் கறை. அன்னிக்கும் இது இருந்துச்சு. நான் பாத்தேன். எப்டி வந்துச்சுன்னு கேக்கல" என்றார்.

தேவியின் மருத்துவரை அழைத்து, மாத்திரையைத் தொடங்காமல் மூன்று நாள் பொறுக்கச் சொன்னார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய மெழுகுக் கட்டியை எடுத்தேன். அதில் மீதி இருந்தது மிளகில் பாதி. இன்னும் ஆழமாகச் சீவினால் புதிதாக ஏதாவது தெரியலாம். தெரியாமலே துண்டு தீர்ந்தும் போகலாம்.

"தீந்துட்டா இன்னா மேடம் பண்றது?"

"உள்ளயே வெச்சிக்கினு மட்டும் இன்னா பண்ணப் போறோம்? சீவு."

என் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சீவச் சீவ, சாயம் ஏற்றிய ஒவ்வொன்றையும் பார்த்து, "இல்ல", "இல்ல" என்று ஒதுக்கினார். பதினோராவது ஸ்லைடில் அந்தச் சொல் வரவில்லை. எழுந்து என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். சின்ன வளையம் போல இரண்டு சுரப்பிகள். அவற்றைச் சுற்றி நெருக்கமாக நீலப் புள்ளிகள். கர்ப்பப்பைத் துண்டுகளில் நான் ஆயிரம் முறை பார்த்த அதே திசு. நெஞ்சுக்குள் அது எப்படி வந்தது?

எண்டோமெட்ரியோசிஸ் என்றார் மேடம். கருப்பையின் உட்புறம் இருக்க வேண்டிய திசு வேறிடத்தில் வளர்வது. மாதந்தோறும் அதிலிருந்தும் கருப்பையைப் போலவே ரத்தம் கசியும். அது அரித்த இடத்தில் உதரவிதானம் ஓட்டையாகி, அதன் வழியே நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும். நெஞ்சில் வருவது அபூர்வம். நெஞ்சில் சுரப்பிகளைக் கண்டால் புற்றுநோயோ என்ற சந்தேகமும் எழும் என்பதால் அவர் அவசரப்படவில்லை. பெண்களின் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் செல்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் சாயம் ஏற்ற, ஒரு சீவலை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள், சந்தேகத்துக்கு இடமில்லாமல் பழுப்பாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. ஆய்வக உரிமையாளர், "புதுசா ஒரு ரிப்போர்ட் குடுத்துடலாம் மேடம். பழசுல தப்புன்னு நாமளே எழுதணுமா?" என்றார்.

"எழுதணும் சார். தப்பு என்னுதுன்னுதான் எழுதறேன், உங்களுதுன்னு எழுதல."

'என் முந்தைய அறிக்கை முழுமையற்றது' என்ற வரி அந்தத் திருத்திய அறிக்கையின் முதல் வரியாகவே இருந்தது. அதைத் தபாலில் அனுப்பாமல் தேவியை வரவழைத்து, எதிரே உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப நான் நடிக்கலதானே மேடம்?"

"நடிக்கலம்மா. உன் நெஞ்சுலதான் இருந்துச்சு. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

தேவி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். மேடம் அவள் முதுகில் கை வைத்தபடி, அவள் அழுது முடிக்கும்வரை நின்றார். தவற்றை ஒப்புக்கொண்டவரின் கூச்சம் அந்த முகத்தில் இருந்தது. ஆனால் அவர் தலை குனியவில்லை. அவரோடு வேலை செய்கிறேன் என்பதில் எனக்கு அன்று வந்த கர்வம் இன்றும் குறையவில்லை.

நெஞ்சு அறுவை மருத்துவர் உதரவிதானத்தில் இருந்த ஓட்டைகளை அடைத்தார். மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை கொடுத்தார். அதன்பின் தேவியின் நுரையீரல் இதுவரை சுருங்கவில்லை. செவ்வாயன்று மதியம், கம்பெனிச் சீருடையோடு அவள் பூந்தமல்லி வீட்டுக்கு வந்து, பெண்களோடு பெண்ணாக மேடத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

தேவி விஷயத்துக்குப் பின், துண்டோடு நிரப்பி அனுப்பும் எங்கள் விண்ணப்பத் தாளில் மேடம் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'நெஞ்சுத் துண்டு, நோயாளி பெண் எனில், மாதவிடாய் எப்போது?' பலர் அதை நிரப்புவதில்லை. நிரப்பாமல் வந்தால் நானே தொலைபேசியில் கேட்பேன். இந்த வெள்ளிக்கிழமை ஆவடியிலிருந்து ஓர் இளம்பெண்ணின் துண்டு வந்தது. அந்த வரி காலியாக இருந்தது. அவர் இல்லாத ஆய்வகத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் இருந்த மருத்துவர் சலிப்போடு, "நெஞ்சு பயாப்சிக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

"பேஷண்டக் கேளுங்க சார், நான் லைன்ல இருக்கேன்" என்றேன்.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான்.