சுரண்டி எடுத்த முகம்

ப்ரூஜ் நகரில் ஜெபப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவள் பெயாத்ரிஸ். துணி வியாபாரி யோரிஸின் மனைவி அட்ரியானா மாதாவின் முன் முழந்தாளிட்டு ஜெபிப்பதாக, அவர்கள் வீட்டு ஜெபப் புத்தகத்தின் ஆட்டுத்தோல் ஏட்டில் ஒரு படம் வரைந்து கொடுத்தாள். அதற்காக ஒன்பது நாள் வந்து உட்கார்ந்த அட்ரியானா அவளுக்கு நெருங்கிய சிநேகிதியானாள்.

பிரசவத்தில் அட்ரியானா இறந்தாள். மறு வருஷமே யோரிஸ் அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"புதுசா கட்டிக்கிட்டவ முகத்தை இதுல மாத்திக் குடும்மா. உடுப்பு அப்படியே இருக்கட்டும்."

பெயாத்ரிஸ் மறுக்கவில்லை. கத்தியால் சிநேகிதியின் முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு முகம் வரைந்தாள். அதன்பிறகு கோவிலில் மாதாவை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குக் கூசியது.

தவக்காலத்தில் புது மனைவி லீவினா அவளைத் தேடி வந்தாள்.

"ஏன்க்கா, படத்துல என் முகம் இருக்கற இடத்துல மட்டும் ஏடு சொரசொரன்னு இருக்கு. முன்னாடி யாரு இருந்தா?"

"அட்ரியானா. நான்தாம்மா அழிச்சேன். அன்னிக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

லீவினா கையோடு கொண்டு வந்திருந்த புத்தகத்தின் முன்பக்கத்து நாட்காட்டியைத் திறந்து வைத்தாள். "அவங்க போன நாள்ல பேரை எழுதிக் குடுங்கக்கா. வருஷா வருஷம் நான் வேண்டிக்கிறேன்."

பெயாத்ரிஸ் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாள். லீவினா கிளம்பிப் போன பிறகு, அட்ரியானாவின் முகத்தைத் தனக்காக ஒரு துண்டுத் தோலில் வரைய உட்கார்ந்தாள். ஒன்பது நாள் பார்த்த அந்த மூக்கு எப்படியிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.