ஹவுஸ் ஓனர் பாட்டு

அந்த வீடியோ மூன்று நிமிடம்கூட ஓடாது. அலுவலக கேன்டீனில் ஒருவருடைய பிரிவு உபசார விழா. கழுத்தில் அடையாள அட்டையோடு நான் நின்று பாடுகிறேன். பாட்டைத் தொடங்குமுன் சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்கிறேன். பாட்டைக்கூட நைனா கேட்டுவிடலாம், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று பத்து நாள் செத்துப் பிழைத்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலை. வீடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அவரும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பரீட்சை என்று ஒன்றை எழுதிய முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இப்போதும்தான்.

ஆனால் நைனாவுக்கும் ஆங்கிலம் தெரியும். இருபது வருடம் கையில் ரப்பர் குழாயைப் பிடித்தபடி, தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஆங்கிலம்.

குவார்ட்டர்ஸுக்குள் என் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் ஆபீஸ் கேப் டிரைவரிடம் வீட்டு லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்திருந்தேன். காலை ஏழரைக்கு மணி அடிக்கும். இரண்டாவது மணிக்குள் நைனா ஓடிவந்து எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொள்வார். "யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ். டாட்டர் இஸ் அரைவிங் ஷார்ட்லி ஆன் மெயின் ரோடு." நான் இன்னும் தலை பின்னிக்கொண்டிருந்தால், "இன்கன்வீனியன்ஸ் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்." ஆபீஸிலிருந்து வருகிற போன், மகள் படிப்புக்குத் தகுந்த மாதிரி பேச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

டிரைவர் இதை வண்டியில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். உன் வீட்டில் போன் எடுப்பது யார் என்று டீமில் ஒருத்தி கேட்டாள். வண்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவளுடைய அப்பா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரி.

"ஹவுஸ் ஓனர் அங்கிள்" என்றேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஏது ஹவுஸ் ஓனர் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அங்கிள் இன்றைக்கு என்ன சொன்னார் என்று தினமும் கேட்டார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது வேறு யாரோ ஒருவர் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. பிரிவு உபசார விழாவில் யாராவது பாடுங்கள் என்றபோது, தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து நான் கட்டி வைத்திருந்த பாட்டு தயாராக இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ், அங்கிள் பேசுறேன் ப்ளீஸ்,
குளிக்கப் போன பொண்ணு குறித்த நேரம் வரும் ப்ளீஸ்,
தோசை வந்து நிக்குது ரெண்டாம் பிளாட்பாரத்தில்,
சட்னி மட்டும் காலவரையின்றித் தாமதம் ப்ளீஸ்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஸ்டேஷன் மணியை வாயாலேயே அடித்தேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டீமில் ஒருவன் அதைப் படம்பிடித்து, என்னைக் கேட்காமலே இணையத்தில் ஏற்றிவிட்டான். வேறு மாடியில் வேலை செய்யும் ஒருவர் லிஃப்டில் என்னைப் பார்த்ததும் "சட்னி மட்டும்" என்று பாடினார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

எடுத்துவிடு என்று அவனிடம் கெஞ்சினேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள், பைத்தியமா உனக்கு என்றான். காரணத்தைச் சொன்னால் எடுத்திருப்பான். காரணம்தான் என் வாயில் வரவில்லை. மணிக்கொரு தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து, பார்த்தவர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பிறகு அது கணக்கில்லாமல் போனில் இருந்து போனுக்குப் போனது. எங்கள் தெருமுனை செல்போன் கடையில், மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கும் சிரிப்புப் பாட்டுகளோடு என் குரலும் கேட்டது. முந்தானையால் முகத்தை மறைக்காத குறையாக அந்தக் கடையைத் தாண்டினேன். நைனாவின் போனில் பேச மட்டும்தான் முடியும் என்பது ஒன்றே ஆறுதல். அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் விதத்தைக் கவனிப்பேன். எப்போதும்போலக் கழற்றினால் அன்றைய நாள் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவரோடு தண்ணீர் பிடிக்கும் அடுத்த பிளாக் மாமா வந்தார். வாசலிலேயே போனை நீட்டினார்.

"அண்ணே, ஸ்டேஷன் பூரா இதான் ஓடுது. நம்ம பாப்பாதானே?"

"ஹவ், ஆமா, பாப்பாதான்" என்று நைனா ஆசையாக வாங்கிக்கொண்டார்.

நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் குரல் கேட்டது. இது எங்கள் ஹவுஸ் ஓனர் அங்கிளைப் பற்றிய பாட்டு, அவருக்கு ஆங்கிலம் என்றால் உயிர். கேன்டீன் சிரித்தது. மணி அடித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே வந்தவர், பாதியில், "அண்ணே, இது நீ பேசற மாதிரியே..." என்று இழுத்து நிறுத்திவிட்டார்.

பாட்டு முடிந்ததும் நைனா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நக்கோப்பா, நான் இல்ல. அது அவங்க ஆபீஸாண்ட யாரோ ஹவுஸ் ஓனராம். பாப்பா அப்பவே சொல்லிக்கினு இருந்துச்சு" என்றார். "நல்லாத்தான் பாடுது."

நான் அவரிடம் எதுவும் சொன்னதே இல்லை. அன்று முழுவதும் அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று குழம்புச் சட்டியை என் தட்டுப் பக்கம் அவரே நகர்த்தினார்.

மறுநாள் ஏழரைக்கு போன் அடித்தது. நைனா போனுக்குப் பக்கத்தில்தான் நின்று, நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது மணி. மூன்றாவது மணி.

"நீயே எடு பாப்பா."

எடுத்தேன். ஹவுஸ் ஓனர் சாப் இன்று ஏன் எடுக்கவில்லை, உடம்பு சரியில்லையா என்று டிரைவர் விசாரித்தார். அவர் ஹவுஸ் ஓனர் இல்லை, என் அப்பா என்று இந்தியில், தேவைக்கும் அதிகமான சத்தத்தில் சொன்னேன். நைனா கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் ஏறுவதற்குள் வண்டியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் பாடவில்லை. மதியத்துக்குள் வீடியோவை, நான் கேட்காமலே, படம்பிடித்தவனே எடுத்துவிட்டான்.

அதன்பிறகும் தினமும் ஏழரைக்கு போன் அடித்தது. தலை பின்னி முடித்து, பையை மாட்டிக்கொண்டு, பக்கத்திலேயே நிற்பேன். ஆனாலும் உடனே எடுக்க மாட்டேன். நான்காவது மணிவரை நைனாவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.