பாதி வழியில் வாட்கின்ஸ் கிளென்

வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு ரொறொன்ரோவின் மில்லிக்கனிலிருந்து புறப்பட்டோம். போகுமிடம் வாட்கின்ஸ் கிளென். நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஏரியின் தெற்கு முனையில், ஒரேயொரு பெரிய தெருவுள்ள சிற்றூர். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 380 கிலோமீற்றர். நியூ ஜேர்சியில் இருக்கும் என் மனைவியின் தம்பி குகனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாங்கள் ஊர் தெரிவு செய்யும் முறை இதுதான்.

குகனின் அகதி விண்ணப்பம் ஒன்பது வருடமாக முடிவுக்குக் காத்திருக்கிறது. அதற்கு முன் அனுமதியில்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். ஆகவே கோடையில் அக்காவும் தம்பியும் பாதி வழியில் சந்திக்கிறார்கள். முதல் முறை ஸ்கனியாட்லஸ், அடுத்தது கோர்னிங். அரசாங்கத் தாமதத்தால் அழகான ஊர்களாகப் பார்த்துவரும் மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

7.55க்கு எல்லைப் பாலம். கோப்பில் பதினான்கு ஆவணங்களை வரிசைப்படி வைத்திருந்தேன். எதற்காக வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். நீர்வீழ்ச்சி பார்க்க என்றேன்.

"நயாகராவைத் தாண்டி வந்தா?"

சிரித்துக்கொண்டே கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார். கோப்பைத் தொடவேயில்லை.

11.20க்கு வாட்கின்ஸ் கிளென் பூங்கா வாசல். காரை நிறுத்த பத்து டொலர். குகன் ஒன்பது மணிக்கே வந்து நின்றிருந்தான். என் மனைவி ராஜி கார் நிற்குமுன் கதவைத் திறந்துவிட்டாள்.

பெரிய தெருவோடு ஒட்டியே, பேக்கரிக்குச் சில அடி தள்ளி, மலை பிளந்து கிடக்கிறது. உள்ளே பத்தொன்பது நீர்வீழ்ச்சிகள், 832 கற்படிகள். இருபுறமும் பாறை தாள் தாளாக, எவரும் திறக்காத பழைய கோப்புகளை அடுக்கியதுபோல் உயர்கிறது. பாதை ஓரிடத்தில் அருவிக்குப் பின்னால் புகுந்து போகிறது. வயது மறந்து நானும் கத்தினேன்.

"அக்கா, உதுக்குள்ளால வாங்கோ, நனையாது!" என்றான் குகன்.

ராஜி தலை முதல் கால்வரை நனைந்து வெளியே வந்தாள். "நனையாதெண்டெல்லோ சொன்னனி?"

"முழுக்க நனையாதெண்டு சொல்ல வந்தனான். நீங்கள் அவசரப்பட்டிட்டியள்."

இரண்டு நாள் ஏரிக்கரையில் நடந்தோம், கண்ட இடத்திலெல்லாம் பழம் வைத்துச் சுட்ட பை வாங்கிச் சாப்பிட்டோம். ஞாயிறு காலை விடைபெறும்போதுதான் குகன் தன் ஆசையைச் சொன்னான்.

"அத்தான், இந்த முறை உங்களுக்குப் பின்னால வாறன். கனடாவைத் தூரத்தில நிண்டெண்டாலும் ஒருக்கா பாக்கவேணும்."

முடியாது என்றேன். அந்த நெடுஞ்சாலை நேரே எல்லைப் பாலத்தில்தான் ஏறுகிறது. பாலத்துக்கு முன் வெளியே பிரியும் கடைசி எக்சிற்றைத் தவறவிட்டால் ஒன்பது வருடமும் ஆற்றோடு போகும்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுமெண்டு தானே ஊருக்கெல்லாம் சொல்லித் திரியிறியள். இப்ப கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றாள் ராஜி.

குகனின் வேலை அனுமதி அட்டை, விண்ணப்ப ரசீது, பிரதிகள் எல்லாம் சரிபார்த்தேன். "போன் வழி சொல்லுறதைக் கேளாதை. என்ர சிக்னலை மட்டும் பார்" என்றேன்.

12.40. கனடாவுக்கு முன் கடைசி எக்சிற் என்ற பலகை தெரிந்ததும் சிக்னல் போட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் இரு கார்களுக்கும் நடுவே ஒரு கொள்கலன் லொறி புகுந்தது. குகனின் கார் மறைந்துவிட்டது. நான் எக்சிற்றில் இறங்கிக் காரை ஓரமாக நிறுத்தினேன். லொறி நேரே பாலத்துக்குப் போனது. ராஜி பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரிவில் சாம்பல் நிறக் கார் மெல்ல இறங்கி வந்தது.

"லொறிக்காரனுக்கு நல்ல ஏச்சுக் குடுத்தனான் அத்தான். தமிழில" என்றான் குகன், கண்ணாடியை இறக்கி.

நயாகரா ஆற்றோரமாக வடக்கே பதினைந்து நிமிடம் போனால் யங்ஸ்ரவுண். எந்த உல்லாசப் பயணப் பட்டியலிலும் நான் காணாத ஊர். என் பட்டியலில் இனி முதலாவது. படகுகள், ஓர் ஐஸ்கிறீம் கடை, ஆறு வேறொரு பெரிய ஏரியில் விழும் முனையில் பழைய கோட்டை. அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏரிக்கு அப்பால், தண்ணீரில் குத்திய ஊசிபோல் ரொறொன்ரோவின் கோபுரம்.

"அக்கா, உங்கட வீடு எந்தப் பக்கம்?"

ராஜி கோபுரத்துக்கு வலப்பக்கம் விரலை நீட்டினாள். அவன் அந்த விரலின் வழியே குனிந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

2.30க்குப் பிரிந்தோம். பாலத்தைக் கடந்ததும் ராஜி வீட்டுக்குப் போக விடவில்லை. ஆற்றின் கனடாப் பக்கக் கரையோடு வடக்கே போகச் சொன்னாள். நயாகரா-ஒன்-த-லேக் பூங்காவில் போய் நின்றோம். கோட்டை நேர் எதிரே. நடுவே ஆறு ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. கோட்டையடியிலேயே நிற்கச் சொல்லியிருந்த குகனை ராஜி போனில் அழைத்தாள்.

எதிர்க்கரையில் ஒரு காரின் முன்விளக்குகள் எரிந்து அணைந்தன, மறுபடி எரிந்தன. நானும் எங்கள் காரைத் திருப்பி விளக்கைப் போட்டேன்.

"தெரியுது அத்தான்!" என்று போனில் கத்தினான். "ஆனா கனடாவும் இஞ்சத்தை மாதிரித்தான் கிடக்கு. புல்லு, மரம், கார்."

"இஞ்ச நிண்டு பாக்க அமெரிக்காவும் அப்பிடித்தான்ரா கிடக்கு" என்றேன்.

மில்லிக்கனுக்கு இன்னும் 150 கிலோமீற்றர். முதலில் யார் விளக்கை அணைப்பது என்று இரண்டு கரையிலும் ஒருவருக்கும் தெரியவில்லை.