மயில் இருக்கிறது... பெஞ்ச் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கம் ரோட்டில் நின்று ஒரு மயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிஜ மயில் இல்லை. அது பாவம், காட்டுக்குள் எங்கேயோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நான் திட்டியது, என் கையிலிருந்த மேப்பில் தோகை விரித்து நின்ற மயிலை. நானே நடந்து, நானே எழுதி, நானே அச்சடித்துக் கொண்டுவந்த கிரிவலக் கையேட்டின் மயிலை!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரிந்திருக்கும். எனக்கு ஹைக்கிங் கைடுகள் என்றால் உயிர். வெளிநாடுகளில் மாதக்கணக்கில் நடக்கிற நெடுந்தூரப் பாதைகள் இருக்கின்றன அல்லவா... அவற்றுக்கென்றே எழுதிய புத்தகங்கள், மழையில் நனைந்தாலும் கிழியாத மேப்புகள் என்று ஒரு ஷெல்ஃப் நிறைய வைத்திருக்கிறேன். அந்தப் பாதைகளில் ஒன்றிலாவது நடந்திருக்கிறேனா? ஓர் அடிகூட இல்லை. பாஸ்போர்ட்டே போன வருஷம்தான் எடுத்தேன்.

ஆனாலும் படிப்பேன். 'இந்த ஓடையில் கோடையில் தண்ணீர் இருக்காது', 'இங்கே கரடி வரும், சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடவும்', 'அடுத்த மளிகைக் கடை இரண்டு நாள் நடையில்' — இப்படி ஒரு வரி படித்தால் போதும், சோபாவில் உட்கார்ந்தபடியே எனக்கு மூச்சு வாங்கும். "இன்னைக்கு எந்த மலை ஏறுனீங்க? கால் அமுக்கி விடவா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி டிவி பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவனிடம் அண்ணி ஓர் உதவி கேட்டார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி, சுமதி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியே அவர்கள் வீடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாதம் தவறாமல் மலையைச் சுற்றியவர். இடையில் முழங்கால் தேய்ந்துபோய் ஆபரேஷன். வாக்கர் பிடித்து நடந்தார், அப்புறம் குச்சி பிடித்து நடந்தார், இப்போது எதையும் பிடிக்காமல் நடக்கிறார். மறுபடி மலை சுற்ற வேண்டும் என்று ஆசை. டாக்டரும் சரி என்றுவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. நடுநடுவே உட்கார வேண்டும். அதுவும் நாற்காலி உயரத்தில். தரையிலோ தாழ்வான கட்டையிலோ உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

"எங்கெங்க உக்காரலாம்னு மட்டும் எழுதிக் குடுங்க தம்பி. நான் சுத்திடுவேன்" என்றார் அண்ணி.

கேட்டது அவ்வளவுதான். ஒரு சின்னக் காகிதம் போதும். நான் என்ன செய்தேன்? புத்தகம் போட்டேன்!

என் வீடு டவுனில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில். அங்கிருந்து ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பினேன். பார்த்ததையெல்லாம் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டே பதினாலு கிலோமீட்டரும் நடந்து முடித்தேன். நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, கரடிக்குப் பதிலாகக் குரங்கு எங்கே... வெளிநாட்டு கைடு தோற்றுப்போகிற மாதிரி எழுதினேன். மேப்பும் நானே வரைந்தேன். நடுவில் மலை, சுற்றிப் பாதை, பாதை ஓரமாகக் குட்டிக் குட்டி பெஞ்ச் படங்கள்.

அச்சடித்துக் கொடுத்தது அன்வர். தேரடி வீதிப் பக்கம் அவர்கள் குடும்பம் ரொம்ப காலமாக அச்சகம் வைத்திருக்கிறது. மேப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அன்வர் தாடையைச் சொறிந்தார்.

"சார், வடக்குப் பக்கம் படம் ஜாஸ்தியா இருக்குது. தெக்குப் பக்கம் ரொம்ப கம்மி. பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கு சார். காலியா கெடக்கற எடத்துல ஒரு மயில் வச்சிடட்டுமா?"

"அட, பிரமாதம்! பெருசாவே வைங்க" என்றேன்.

சிரிக்காதீர்கள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் அண்ணி வீட்டு வாசலில் ஆஜரானேன். அண்ணி குளித்து, திருநீறு பூசி, வெறுங்காலோடு தயாராக நின்றார். அண்ணன் ஸ்கூட்டரோடு தயாராக நின்றார்.

"நீங்க எதுக்குண்ணே வண்டியோட?"

"பின்னாலயே வரேன். முடியலைன்னா ஏத்திக்கிட்டு வந்துடலாம் இல்ல?"

அண்ணி என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னார். "தம்பி, இன்னைக்கு மட்டும் நான் அந்த வண்டியில ஏறிட்டேன்னு வைங்க, அவ்ளோதான். இனிமே கடைக்குப் போறதுக்குக்கூட இவரு என்னைத் தனியா விட மாட்டாரு. எப்படியாவது சுத்திடணும்."

புரிந்தது. அண்ணனையும் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்த வாரம் அண்ணி வலியில் அழுததைப் பக்கத்திலிருந்து பார்த்த மனுஷன். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம்... 'இவள் விழுந்துவிடக் கூடாது.' அந்தப் பயம்தான் ஸ்கூட்டர் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தது.

முதல் பாதி... அடடா! வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசான்யலிங்கம் என்று வரிசையாகப் போனோம். 'அடுத்த பெஞ்ச் புளியமரத்தைத் தாண்டியதும் இடது கைப்பக்கம்' என்று புத்தகம் சொன்னால், புளியமரத்தைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் பெஞ்ச் இருந்தது! அண்ணி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என்னைப் பாராட்டி எழுந்தார். நடுநடுவே அண்ணன் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, "போதும் சுமதி, ஏறிக்கோ" என்பார். அண்ணி புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ராஜகோபுரம் வந்து கும்பிட்டோம். காபி குடித்தோம். செங்கம் ரோட்டில் திரும்பினோம். ஆசிரமங்கள், கஃபேக்கள், தோளில் துணிப்பை மாட்டிய வெள்ளைக்காரர்கள் எல்லாம் தாண்டி, யமலிங்கமும் தாண்டியாயிற்று. அப்போதுதான் கவனித்தேன், அண்ணியின் நடை மாறிவிட்டது. ஆபரேஷன் செய்த காலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துத்தான் வைத்தார். வெயில் வேறு ஏறிவிட்டது. தார் ரோடு சுட ஆரம்பித்திருந்தது.

"தம்பி, அடுத்த பெஞ்ச் எங்க?"

கம்பீரமாகப் புத்தகத்தைப் புரட்டிப் படித்தேன். "'இங்கிருந்து மலையின் தோற்றம் மாறிக்கொண்டே வரும். நின்று நிதானமாக ரசிக்கவும்.'"

"நின்னா? நான் உக்காரணும் தம்பி!"

அடுத்த பக்கம். 'இதமான காற்று வீசும் பகுதி.' அதற்கடுத்த பக்கம். 'பறவைகளின் ஒலியைக் கேட்டபடி நடக்கலாம்.' அவசரமாக மேப்பைப் பிரித்தேன். மயில்!

என்ன நடந்தது தெரியுமா? நான் நடந்த அன்று, இந்தப் பகுதி எனக்கு ஆரம்பம். தூங்கி எழுந்த தெம்பு, காலை நேரத்துக் குளிர். பெஞ்ச் என் கண்ணில் படவே இல்லை. மலைதான் பட்டது. அடி அண்ணாமலை தாண்டி, கால் கெஞ்ச ஆரம்பித்த பிறகுதான் பெஞ்ச், டீக்கடை, குழாய் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஆனால் கிரிவலத்துக்கு ஏது ஆரம்பம், ஏது முடிவு? அவரவர் வீட்டு வாசலில் தொடங்கி அவரவர் வீட்டு வாசலில் முடிப்பதுதானே இந்த ஊர் வழக்கம்! அண்ணியின் ஆரம்பம் என் பாதி. என் ஆரம்பம் அண்ணியின் பாதி. தெம்பாக இருந்தபோது அவருக்கு பெஞ்ச் பெஞ்சாகக் கொடுத்துவிட்டு, களைத்தபோது மயிலைக் கொடுத்திருக்கிறேன். இத்தனை கைடு படித்தும், சுற்றிவரும் பாதைக்கு நேர்ப்பாதை மாதிரி புத்தகம் எழுதிய புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

அசடு வழிய, "பின்னாடி ஒண்ணு பாத்தோமே அண்ணி... பக்கந்தான். திரும்பிப் போய் உக்காந்துட்டு வரலாமா?" என்றேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மலை சுத்தும்போது பின்னாடி போறதா? அப்புறம் அது என்ன சுத்து?"

சரி, யாரையாவது கேட்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். வெளிநாட்டுப் பாதைகளில் எதிரே வருகிறவரிடம் 'தண்ணீர் எவ்வளவு தூரம்?' என்று கேட்கலாம். இங்கே எதிரே யார் வருவார்? எல்லோரும் வலமாகத்தான் சுற்றுகிறோம்! எங்களைத் தாண்டிப்போன ஒரு தம்பதியைக் கேட்டேன். "தெரியலைங்களே, நாங்களும் இப்பதான் வர்றோம்" என்று நியாயமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணி ஒரு லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரியாக அப்போது வந்து நின்றது ஸ்கூட்டர்.

"நான் அப்பவே சொன்னேன். ஏறு சுமதி. மீதிய வண்டியில சுத்திடலாம். சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

அண்ணி கம்பத்தை விடவில்லை. "ஏங்க, சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்கீங்க? கொஞ்சம் முன்னாடி போய், உக்கார எடம் எங்க இருக்குதுன்னு பாத்துட்டு வாங்க."

அண்ணன் முனகிக்கொண்டே போனார். 'ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்காகத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"திருப்பத்துக்கு இந்தாண்ட ஒண்ணு இருக்குது. நெழல் கூட இருக்கு. நாய் படுத்திருந்துச்சு, எழுப்பி விட்டுட்டேன்."

போனோம். இருந்தது. உட்கார்ந்தோம். அதற்குள் அண்ணன் அடுத்ததைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. போவார், வருவார். "அடுத்தது வேணாம், ஒரு பக்கம் ஆடுது. அதுக்கும் அடுத்தது சாஞ்சி உக்காரலாம்" என்பார். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார் என்பது அவர் வேட்டியில் ஒட்டியிருந்த தூசியிலேயே தெரிந்தது. 'ஏறிக்கோ' என்ற வார்த்தை எப்போது நின்றதென்று எனக்கே தெரியவில்லை. நான் என் கையேட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வருணலிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணி சட்டென்று நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"முடியலைங்க" என்றார் அண்ணனைப் பார்த்து. "ஏறிக்கிறேன்."

காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அண்ணன் காத்திருந்தார்? ஸ்கூட்டர் சீட்டைப் பார்த்தார். அண்ணியின் காலைப் பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கினார்.

"அங்க ஒரு எடம் புடிச்சு வச்சிருக்கேன் சுமதி. யாராவது வந்து உக்காந்துடப் போறாங்க. மெதுவா வா."

வண்டியைத் தள்ளிக்கொண்டே அண்ணியின் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். அண்ணி ஒரு கையை ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஊன்றிக்கொண்டார். ஏறவில்லை... ஊன்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

வேப்பமர நிழலில் பெஞ்ச். அதன் மேல் அண்ணனின் துண்டு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அப்படி! அண்ணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் நின்று அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

கையேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடக்கும்போது கூடவே களைத்துப்போன ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குத் தெரியாத பாதையெல்லாம் அவருக்குத் தெரியும்.

அண்ணி சுற்றி முடித்தார். வீட்டு கேட்டைத் தொட்டுவிட்டு, மலையைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டு நின்றார்.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த மாசம் நானும் உன்கூட நடந்தே வரேன் சுமதி."

"அதெல்லாம் வேணாம்" என்றார் அண்ணி. "நீங்க நடந்தா, முன்னாடி போய்ப் பாக்கறது யாரு?"

அண்ணன் உடனே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு பெட்ரோல் போடப் போய்விட்டார்.