கதவில் ஒட்டிய பெயர்

மனோர் பார்க்கில் நான் வேலை செய்யும் மண்டபத்தில் இன்று கொலம்பியா நாட்டுப் பெண்களுக்கு ஒரு வகுப்பு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றியது.

கதவில் “கேக் வகுப்பு” என்று ஒட்டியிருந்தோம். உண்மையை எழுதினால் வீட்டில் விடமாட்டார்களாம். போகும்போது ஆளுக்கொரு கடைக் கேக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு அம்மா மட்டும் வாங்கவில்லை.

“வீட்டில் காட்ட யாருமில்லை” என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். “டெஸ்டுக்குப் போகவா என்று மகள் கேட்டாள். கல்யாணமாகாத பிள்ளைக்கு எதற்கு என்று மறித்தது நான்தான்.”

மகள் அந்த நோயில் இறந்து ஒரு வருடமாம்.

அக்காவுக்குப் போனில் சொன்னேன். அவளுக்குக் கல்யாணமாகாத இரண்டு குமர்ப்பிள்ளைகள்.

“பாவம். ஆனா எங்கட பிள்ளையளுக்கு உதெல்லாம் என்னத்துக்கு?” என்றாள்.

எங்கட ஆக்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கவேணும். கதவில் என்ன பெயர் ஒட்டலாம், சொல்லுங்கோ.